முங்கம்மாவின் கடைசி வார்த்தை

லாரி மோதிச் செத்துப் போனவன் கண் விழித்தால் வேறோர் உலகத்தில் ராஜகுமாரனாக இருக்கிறான் என்கிற கதை லிங்கராஜுக்கு அறவே ஆகாது. "லாரி முட்டினா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போவான், தப்பினா வீட்டுக்கு வருவான். வேற உலகத்துக்கு எந்த ரூட்டுல பஸ்ஸு ஓடுகு?" என்று கேட்பார். இப்போது வருகிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் பாதி இந்த ரகம் என்பது அவருடைய புகார். மீதிப் பாதியில், ஒருவன் ஓங்கிய கை எதிராளியின் முகத்தில் விழுவதற்கு மூன்று வாரம் ஆகிறது என்பது அடுத்த புகார். இவ்வளவு குறை சொல்கிறவர் பார்க்காமல் இருந்துவிடலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்கு நுனியில் கோபம் வந்து நிற்கும். அவர் ஒன்று விடாமல் பார்ப்பார். 'கார்ட்டூன்' என்று அவர் சொல்லலாம், மற்றவர்கள் 'அனிமே' என்றுதான் சொல்ல வேண்டும்.

லிங்கராஜுக்கு வயது நாற்பத்து நான்கு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. பூர்வீகம் நாஞ்சில் நாடு, குடியிருப்பு மணக்காடு. கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயதில் ஒரு இடம் கூடி வந்தது. பெண் வீட்டார் வந்து பார்த்தபோது, சுவரில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண் வாளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு தகவலே சொல்லவில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை, அந்தப் படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தம்பானூர் காப்பிக்கடை ஒன்றில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் மலையாளிகள், டெக்னோபார்க் பிள்ளைகள், லிங்கராஜைவிட பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். 'லிங்கச் சேட்டன்' பேசத் தொடங்கினால் பஜ்ஜி ஆறிப்போகும். கையால் வண்ணம் பூசிய பழைய படங்களில்தான் ஆகாயம் ஆகாயமாக இருந்தது, கம்ப்யூட்டர் வந்தபின் அது கழுவித் துடைத்த தரை ஆகிவிட்டது என்பார். அந்தக் காலத்துப் படங்களில் ஒரு கெண்டி தண்ணீர் கொதிக்கிறவரைக்கும் யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள், அந்தச் சும்மா இருத்தலுக்காகவே தாம் அதைப் பார்க்கிறதாகச் சொல்வார். சொல்லும்போதே குரல் தணிந்துவிடும்.

ஆனால் அவருடைய உயிர்க் கொள்கை ஒன்று உண்டு. படத்தில் சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு பையன் தான் எழுதிய சப்டைட்டிலில் சிரிப்புக்காக ஒரு சினிமா வசனத்தைச் சேர்த்துவிட்டான் என்று அவனோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தார். "படம் எடுத்தவன் சொல்லாததைச் சொல்ல நீ ஆரு?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். அப்படிக் கேட்டவருடைய வாய், பதினோரு வயதில் என்ன காரியமெல்லாம் செய்தது என்று அந்த மேஜையில் யாருக்கும் தெரியாது.

அது முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. லிங்கராஜின் அப்பாவுக்குப் பொன்முடி தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. மலையில் படிக்க வசதியில்லை என்று லிங்கராஜையும் தங்கை அஜிதாவையும் மணக்காட்டில் விஜயம் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா பகவதியம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவாள். மேலே போக நாளுக்கு இரண்டோ மூன்றோ பஸ்தான், இதை விட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டிவிடும்.

அஜிதாவுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா புறப்படுவது தெரிந்தால் சேலையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை புரண்டு அழுவாள். அதனால் விஜயம் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு ஒன்பதரைக்கு டி.வி.யில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் வரும். பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டால், அம்மா சொல்லாமல் கொல்லைப்பக்கமாகப் போய்விடலாம். லிங்கராஜுக்கு இது தெரியும். அவன் கண் டி.வி.யில் இருந்தாலும் காது கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் இருக்கும்.

தொடரில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு தாயும் மகளும். தாய் கடலில் முங்கி எதையோ எடுத்துவந்து பிழைக்கிறவள். அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் முங்கம்மா. தொடர் முழுக்க இந்தி. அஜிதாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. லிங்கராஜ் அப்போதுதான் பள்ளியில் இந்தி தொடங்கியிருந்தான். 'வா, போ, இது மேஜை' என்ற அளவில் ஞானம். ஆனாலும் தங்கை "என்னது சொல்லுகா?" என்று கேட்டால் அவனால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. சரளமாகத் தமிழில் அடித்துவிட்டான். முங்கம்மா கடலுக்கடியில் இருக்கிற எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறாள் என்றான். சுங்கான் பிடிக்கிற கிழவன்தான் கண்டக்டர், அவன் விசில் அடித்தால்தான் முங்கம்மா மேலே வர முடியும் என்றான். அஜிதா வாயைத் திறந்தபடி கேட்டாள். இருபத்தைந்து வாரம் இப்படியே ஓடியது.

இருபத்தாறாவது வாரம் முங்கம்மா ஒரு மூட்டையோடு படகில் ஏறினாள். தூரத்துக் கடலுக்கு வேலைக்குப் போகிறாள் என்பது பார்த்தாலே விளங்கியது. மகள் கரையில் நின்றாள். சரியாக அந்த நேரத்தில் கொல்லைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அன்றைக்கு அஜிதாவுக்கும் கேட்டுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், அம்மாவின் செருப்பு இருந்த இடத்தில் செருப்பு இல்லை. கீழுதடு துடிக்கத் தொடங்கியது. அழுகைக்கு ஒரு நொடிதான் பாக்கி. அதற்குள் முங்கம்மா படகிலிருந்து கும்பிட்டு ஏதோ சொன்னாள்.

"அண்ணா, முங்கம்மா என்னது சொல்லுகா?"

அந்த ஒரு வாக்கியம் மட்டும் லிங்கராஜுக்கு உண்மையிலேயே விளங்கியது. 'மைம் ஜா ரஹீ ஹூம்.' முதல் பாடத்திலேயே உள்ளது. நான் போகிறேன். இருபத்தைந்து வாரத்தில் அவனுக்குத் தெரிந்து வந்த முதல் வசனம் அது. அவர்கள் வீட்டில், தெருக்கோடிக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'போறேன்' சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள் சொல்வது, திரும்பி வர மனசில்லாதவர்கள் சொல்வது. முங்கம்மா 'போறேன்' என்றுதான் சொன்னாள். லிங்கராஜ் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"போயிட்டு வாறேன்னு சொல்லுகா" என்றான்.

"அப்பம் வருவா இல்லியா?"

"வருவா."

அஜிதா அழவில்லை. அடுத்த ஞாயிறு தொடர் வரவில்லை, வேறு ஏதோ வந்தது. முங்கம்மா எப்போது வருவாள் என்று அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். சில மாதம் கழித்து அவளுக்கு அம்மை போட்டுத் தனியறையில் படுக்க வைத்திருந்தார்கள். கதவுக்கு வெளியே நின்று லிங்கராஜ் சொன்னான்: "முங்கம்மா இன்னைக்கு டி.வி.யில வந்தா. திரும்பி வந்துட்டா. நீ பாக்காம போயிட்டியே." காய்ச்சலில் கிடந்த பிள்ளை சிரித்ததாம்.

இருபத்தெட்டு வயதில் லிங்கராஜ் அந்தத் தொடரை ஆங்கிலக் குரலில் எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். ஜப்பான் மூலம் எங்கும் கிடைக்கவில்லை. முங்கம்மா எடுத்துவந்தது சிப்பி, சுங்கான் கிழவன் அவளுடைய மாமனார். இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. கடைசி வாரத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆங்கிலத்திலும் அவள் 'நான் போகிறேன்' என்றே சொன்னாள். படகு மறைந்தபின் ஒரு ஆண் குரல் கனமாக அறிவித்தது: மகள் தாயைப் பார்த்தது அதுவே கடைசித் தடவை. அன்றைக்கு லிங்கராஜ் சோறு தின்னவில்லை. தங்கையிடம் சொல்லவுமில்லை. அதற்கப்புறம்தான் அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்று ஊரைப் போட்டு வாட்டத் தொடங்கியது. தன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் பாவம் அந்தப் பிள்ளைகள் மேல் காட்டியிருக்கிறார்.

சென்ற மாதம் அஜிதா கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அவள் இப்போது நர்ஸ், முப்பத்தெட்டு வயது. கணவன் பத்மகுமாரும் எட்டு வயது மகள் நீதுவுமாகக் கரமனையில் இருக்கிறாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. முதலில் அவள் மட்டும் போக வேண்டும், மகளைக் கூட்டிக்கொள்ள ஒரு வருஷம் ஆகும்.

"நீது அழுகாளா?" என்று கேட்டார் லிங்கராஜ்.

"அழுதா நல்லதாச்சே. வாயே திறக்க மாட்டேங்கா. பெட்டியைத் திறந்தா எழும்பி அடுத்த ரூமுக்குப் போயிருகா." அஜிதா பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அண்ணா, நமக்க முங்கம்மா கதை இப்பம் கிட்டுமா? நீ தமிழ்ல எழுதிப் போட்டுத் தா. அவளுக்குக் காட்டணும். முங்கம்மாவும் பிள்ளையை விட்டுட்டுத்தானே போனா, பின்னே திரும்பி வந்தாளே. அதைப் பாத்தா மனசிலாக்கிடுவா."

லிங்கராஜுக்கு எதிரே சுவரில் எழுத்துப் பலகை இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, கிட்டாதா?"

"பாக்கேன்" என்றார்.

அதன்பின் மூன்று வாரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளை முகத்தை நினைத்தால் அதற்கு மனம் வரவில்லை. உள்ளபடி எழுதிக் காட்டினால், போகிற தாய் திரும்பி வரமாட்டாள் என்று நீதுவுக்குப் பாடம் எடுத்தது போல ஆகிவிடும். மாற்றி எழுதிவிடலாமா? ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆங்கிலக் குரல் 'நான் போகிறேன்' என்கிற இடத்தில் 'போயிட்டு வாறேன்' என்று தட்டினார். பார்த்தார். அழித்தார். மறுபடி தட்டினார். பதினோரு வயதில் யோசிக்காமல் சொன்ன பொய்யை நாற்பத்து நாலு வயதில் கைகூசாமல் எழுத முடியவில்லை. தங்கையின் குழந்தைப் பருவத்தில் தான் கொடுத்த ஒரே நல்ல பொருள் கள்ளச்சரக்கு என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். 

நிலைமையை வினீத்திடம் மட்டும் அரைகுறையாகச் சொல்லியிருந்தார். காப்பிக்கடைக் கூட்டத்தில் கொஞ்சம் விவரமானவன் அவன். வினீத்தின் ஆபீஸ் ஆள் ஒருத்தி ஒசாகா போயிருந்தாள். அங்கே பழைய தொடர்களைத் துலக்கி மூலக் குரலோடு புது டிஸ்க்காகப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "சேட்டா, ஒறிஜினல் கிட்டி. இங்கிலீஷ் சப்டைட்டில் இல்லா கேட்டோ" என்று உறையை நீட்டினான்.

அடுத்த நாள் லிங்கராஜ் லீவு போட்டார். காலையில் குளித்து, காப்பியைக்கூட ஆறவிட்டு, நேரே கடைசி வாரத்தைப் போட்டார். படகு. மூட்டை. கரையில் மகள். துலக்கிய படத்தில் கடல் அப்படி ஒரு நீலமாக இருந்தது. முங்கம்மா கரையில் நிற்கிற எல்லாரையும் பார்த்துக் குனிந்து வணங்கினாள், வாயைத் திறந்தாள்.

"இத்தெ கிமாஸ்."

லிங்கராஜ் படத்தை நிறுத்தினார். பின்னால் போய் மறுபடி கேட்டார். அவர் ஜப்பான் மொழி படித்தவர் அல்லர், ஆனால் இந்தச் சொல்லை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். எந்தத் தொடரை எடுத்தாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்து இதைத்தான் கத்தும். 'இத்தெ' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். போய் வருகிறேன். அப்படிச் சொல்லிவிட்டுப் புறப்படுகிற வழக்கம் ஆங்கிலேயனுக்குக் கிடையாது. ஆகவே அவன் 'போகிறேன்' என்று சுருக்கினான், அதைப் பார்த்து இந்திக்காரனும் எழுதிவிட்டான். கரையிலிருந்து மகள் பதில் சொன்னாள். 'இத்தெ ரஷாய்.' போயிட்டு வா.

பிறகு படகு போயிற்று. லிங்கராஜ் அந்தக் கனமான ஆண் குரலுக்காகக் காத்திருந்தார். அப்படி ஒரு குரலே இல்லை. ஒரு நிமிஷம் முழுக்க அலைச் சத்தம், அவ்வளவுதான். அந்தச் சும்மா இருந்த கடலைப் பார்க்கச் சகிக்காமல் எவனோ ஒருத்தன் தன் வாயை வைத்திருக்கிறான். லிங்கராஜ் அவனை மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். முப்பத்து மூன்று வருஷம் எதைப் பொய் என்று நினைத்துக் குறுகினாரோ, அந்தத் தொடர் முழுவதிலும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஞாயிறு காலை கரமனை வீட்டில் படம் ஓடியது. அஜிதாவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். முதல் இரண்டு வாரக் கதையும் கடைசி வாரமும் மட்டும் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆங்கிலக் குரலை வைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழில் எழுதிப் போட்டிருந்தார், ஆனால் தமிழ் எழுத்து நீதுவுக்குச் சரளம் இல்லை, பள்ளியில் மலையாளம். ஆகவே லிங்கராஜ் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்.

"சிப்பியா பெறக்குகா? தேயிலை இல்லியா?" என்றாள் அஜிதா.

"சிப்பிதான்."

"அப்பம் அந்தக் கண்டக்டரு?"

"மாமனாரு."

"அட பாவி அண்ணா!" அஜிதா சிரித்ததில் பத்மகுமார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தான். நீது சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. லிங்கராஜ் வாசித்தார், "போயிட்டு வாறேன்." மகளுடைய வரியையும் வாசித்தார், "போயிட்டு வா." அலை அடித்து ஓய்ந்து திரை கறுத்தது.

"பின்னே வந்தாளா?" என்று கேட்டாள் நீது.

"வந்தா மக்ளே. மாமன் பாத்திருக்காரு. எனக்கு அம்மை போட்டிருந்தப்பம்..." என்று அஜிதா அண்ணனைப் பார்த்தாள்.

விட்டுவிட்டிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும். ஆனால் இப்போது கையில் ஒரு உண்மை இருந்தது, அதன் பக்கத்தில் பொய்யை வைக்க லிங்கராஜுக்கு மனமில்லை.

"நான் பாக்கல்ல அஜிதா. கதை இதோட முடிஞ்சு. வந்துட்டான்னு சொன்னது என் சொந்தச் சரக்கு. நீ காய்ச்சல்ல கெடந்தே, அதுக்குச் சொன்னேன்."

அஜிதாவின் முகம் சட்டென்று விழுந்தது. "அப்பம் போயிட்டு வாறேன்னு சொன்னதும்..."

"அது அவளுக்க சொந்த வாக்கு. அதை நான் உண்டாக்கல்ல. இந்தியிலதான் தப்பு." லிங்கராஜ் டிஸ்க் உறையை எடுத்துக் காட்டினார். "எனக்கே நேத்துதான் தெரியும்."

"வருவாளா, மாட்டாளா?" நீது விடவில்லை.

"அது படத்துல இல்ல மக்ளே. வாறேன்னு சொல்லியிருக்கா. அதுதான் உண்டு."

நீது முழங்காலை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மாமனைப் பார்த்தே சொன்னாள், ஆனால் சொன்னது அம்மாவுக்கு. "அம்மா எல்லாருகிட்டயும் 'போறேன், போறேன்'னுதான் சொல்லுகா. போன்லயும் 'செவ்வாய்க்கிழமை போறேன்'னு சொன்னா. ஒரு தடவைகூட 'போயிட்டு வாறேன்'னு சொல்லல்ல."

ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை பயணத்தைப் பற்றித் திறந்த முதல் வாய் அது. அஜிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள், அப்போதும் வரவில்லை. துப்பட்டாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

நீது பயந்துபோய் லிங்கராஜின் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மா என்னது சொல்லுகா?"

லிங்கராஜ் தங்கையின் உதட்டைப் பார்த்திருந்தார். உள்ளதை வாசித்தால் போதும், சொந்தமாகக் கூட்டிச் சொல்ல அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"போயிட்டு வாறேன்னு சொல்லுகா" என்றார்.

நீது எழுந்து அம்மாவுக்கு நேரே போய் நின்றாள். "போயிட்டு வா" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.